முடிவெடுக்கும் உரிமை

என்னைக் கொடுமைப்படுத்தியவருடனான உறவை விட்டு வெளியேறிய பிறகும் நெடுநாள் என்னால் எதையும் சுயமாக முடிவு செய்ய இயலவில்லை. எதை உடுத்துவது, யாருடைய அழைப்பை எடுப்பது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்ற சிறிய விஷயங்களில்கூட, இதற்கு அவர் என்ன சொல்வார் என்று என் மனம் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வன்முறை என்றாலே அடி என்று நினைப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். என்மீது அவர் கை ஓங்கிய நாட்களைவிட, ‘அப்படி எதுவுமே நடக்கவில்லை, நீயாகக் கற்பனை செய்கிறாய்’ என்று சொன்ன நாட்களே அதிகம். பணம், நட்பு, நடமாட்டம் என ஒருவருடைய அன்றாடம் முழுவதையும் இன்னொருவர் தன் பிடிக்குள் கொண்டுவருவதைப் பற்றி எவன் ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 2007-இல் விரிவாக எழுதினார். 2015-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது தனிக் குற்றமாகவே சட்டத்தில் இடம்பெற்றது. இதை அறிந்தபோதுதான், என் மனப்பிரமை என்று சொல்லப்பட்டவை உண்மையாகவே நடந்தவை என்ற உறுதி எனக்குக் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் அவரை எண்ணி ஏங்கினேன். இதை வெளியே சொல்லவே கூசினேன். டட்டன், பெயின்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1981-இல் இந்தப் பிணைப்பை விளக்கியிருக்கிறார்கள்: அதிகாரம் ஒருவரிடமே இருந்து, கொடுமையும் கனிவும் முன்னறிவிப்பின்றி மாறி மாறி வரும்போது, அந்தக் கனிவுக்காகக் காத்திருப்பதே வாழ்க்கையாகிவிடுகிறது. ஆகவே ஏக்கம் வந்தால், திரும்பிப் போக வேண்டும் என்பதற்கோ நடந்தது அவ்வளவு மோசமில்லை என்பதற்கோ அதைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

‘உன்னை நீயே நேசி’ என்ற அறிவுரை எனக்கு உதவவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். தான் எதற்கும் தகுதியற்றவள் என்ற நீங்காத எண்ணத்தை, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, நீண்ட காலக் கொடுமைக்குப் பின் வரக்கூடிய மனக்காய நிலையின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தை சொல்லிக்கொள்வதால் மட்டும் அது அகன்றுவிடாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரின் துணை எனக்குத் தேவைப்பட்டது.

ஆலோசகர் சொன்னபடி, நடந்தவற்றை நடந்த அன்றே நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். யார் என்ன சொன்னார்கள், நான் என்ன உணர்ந்தேன் என்பதை மட்டும், யாருக்கும் பரிந்து பேசாமல் எழுதினேன். சில நாட்கள் கழித்து மறுபடி படிக்கும்போது என் நினைவு என்னை ஏமாற்றவில்லை என்பது தெரிந்தது. தன்மதிப்பு எனக்கு அங்கிருந்துதான் துளிர்த்தது: என் கண் கண்டதை நானே நம்பத் தொடங்கியதிலிருந்து. பிறகு முடிவுகள் எடுக்கப் பழகினேன். காரணம் சொல்லாமல் ஓர் அழைப்பை மறுத்தேன். தோழி ஒருத்தியிடம் அவள் கருத்தை ஏற்கவில்லை என்று சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, மறுநாளும் வழக்கம்போல் பேசினாள் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

மன்னித்துவிடு, அப்போதுதான் மனம் ஆறும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனாலும் மன்னிப்பதா வேண்டாமா என்பதையும் நானே முடிவு செய்வேன். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.