புளியங்கொட்டையும் குரங்கு பொம்மையும்: அங்கன்வாடியில் ஓர் ஆய்வேடு

எம்.எட். ஆய்வேட்டுக்குச் சின்னக் குழந்தைகளை எடுக்கப் போகிறேன் என்றதும் கூடப் படித்தவர்கள் எல்லோரும் தடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போய் வினாத்தாளை நீட்டினால் ஒரே பீரியடில் வேலை முடிந்துவிடும். நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத வராது, கேள்வி புரிந்ததா இல்லையா என்றும் சொல்ல வராது. என்னை இழுத்ததே அதுதான். தனக்கு என்ன தெரியும் என்று சொல்லத் தெரியாதவரிடம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள அங்கன்வாடிகளில் அந்த வேலையை எப்படிச் செய்து முடித்தேன் என்று எழுதுகிறேன். இதே பக்கம் வர நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் மனசு முழுக்கக் கைக்குழந்தைகள்தான். ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் கடைசியில் ஒரு வழி கண்டார். குழந்தையைப் படுக்க வைத்து, மேலே இரண்டு படங்களைக் காட்டி, எதை அதிக நேரம் பார்க்கிறது என்று அளந்தார். பேசாத குழந்தைக்குப் பார்வைதான் பதில். 1992ல் கேரன் வின் ஐந்து மாதக் குழந்தைகள் முன் ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைத்தார்; இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்; திரை இறங்கியபோது, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன. இதையெல்லாம் படித்துவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்?

கைடு மேடம்தான் நடைமுறையைப் பேசினார். "சத்தமில்லாத ரூம் இருக்கா? எந்தக் காட்சி ஓடுதுன்னு தெரியாம, குழந்தையோட கண்ணை மட்டும் பார்த்து நேரம் குறிக்க ஆள் இருக்கா? குழந்தை சிணுங்கினா அந்தப் பதிவு போச்சு, தெரியுமில்ல?" என்றார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நாலு, ஐந்து வயதுக்கு வந்து சேர்ந்தேன். தலைப்பு, சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயின் எண் மாறாமைச் சோதனை.

சோதனை எளிமையானது. இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் பொருள்களை நேருக்கு நேர் அடுக்கி, "இரண்டும் ஒரே அளவா, இல்ல ஒண்ணுல அதிகமா?" என்று கேட்பார்கள். ஒரே அளவு என்று குழந்தை சொன்ன பிறகு, ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள். இந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீண்டிருக்கும் வரிசையைக் காட்டி "இதுதான்" என்பார்கள். எண்ணிக்கை மாறாது என்ற அறிவு இன்னும் வரவில்லை என்பது பியாஜேயின் முடிவு.

பாடப்புத்தகத்தில் பட்டனோ முட்டையோ இருக்கும். நான் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் புளியமரம் இல்லாத சாலை குறைவு. புளி தட்டும் காலத்தில் வாசலெல்லாம் கொட்டை கிடக்கும், பிள்ளைகள் அதில்தான் விளையாடும். அறிமுகமில்லாத பொருளை நீட்டினால் குழந்தை அதைத் திருப்பிப் பார்ப்பதிலேயே இருந்துவிடும், கேள்வி காதில் ஏறாது.

அனுமதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நெறிமுறைக் குழு, பிறகு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக் கடிதம், பிறகு அந்தந்த மையத்து டீச்சர். இந்த வரிசையிலேயே போங்கள். பெற்றோர் சம்மதத்துக்குத்தான் அலைய வேண்டும். மாம்பழ சீசனில் அம்மாக்கள் விடிவதற்குள் தோப்புக்கும் மாங்கூழ் கம்பெனிக்கும் போய்விடுவார்கள். சாயங்காலம் அடுப்பு பற்ற வைக்கும் நேரம்தான் பிடிக்க முடியும். படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டி, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி குழந்தையிடமே தனியாக வாய்மொழி இசைவு கேட்பது ஏழு வயதிலிருந்துதான். ஆனாலும் நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் "விளையாடலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து போனவர்களை விட்டுவிட்டேன். அதைக் குறிப்பேட்டிலும் எழுதினேன்.

வயதை மாதக் கணக்கில் எடுங்கள். "நாலு முடிஞ்சிருக்கும்" என்று பாட்டி சொல்வதை வைத்து எழுத முடியாது. தடுப்பூசி அட்டையைக் கேட்டால் தேதி கிடைக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வகுப்பறைகளில் டீச்சர் "மறுபடி சொல்லு" என்றால் என்ன அர்த்தம்? சொன்னது தப்பு, மாற்றிச் சொல் என்று அர்த்தம். சூசன் ரோஸும் மரியன் பிளாங்கும் 1974ல் இதைச் சோதித்தார்கள். பரப்பிய பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டபோது குழந்தைகளின் தவறு குறைந்தது. அதே ஆண்டு ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இன்னொரு வழியில் போனார்கள். பெரியவர் கையால் பரப்பாமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை ஓடிவந்து வரிசையைக் கலைத்துவிடும். நிறையப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றினால், அதைப் பற்றித்தான் கேட்கிறார் என்று குழந்தை நினைப்பதில் நியாயம் இருக்கிறதே!

கரடிக்குப் பதில் நான் துணிக் குரங்கு வைத்தேன். திண்ணையில் காயப்போட்டதை அள்ளிக்கொண்டு ஓடும் குரங்கை இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பைக்குள்ளிருந்து அது தலையை நீட்டியதும் மையமே சிரிக்கும். பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன்: இரண்டு முறை கேட்பது, ஒரு முறை கேட்பது, குரங்கு கலைப்பது. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். எல்லாமே காலையில்தான், சாப்பிட்ட பிறகு பாய் விரித்துவிடுவார்கள்.

ஒரு பெண் குழந்தையின் பதிவை இன்னும் மறக்க முடியவில்லை. முதல் முறை கேட்டதும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள், சட்டென்று. நான் வரிசையைப் பரப்பினேன். மறுபடி கேட்டேன். அவள் கொட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீண்ட வரிசையில் விரலை வைத்து, குரலை இறக்கி "இதா?" என்றாள். விடைத்தாளில் அது ஒரு தவறான பதில், அவ்வளவுதான். வீடியோவில் பார்த்தால் அவள் கணக்குப் போடவில்லை, என்னைப் படித்துக்கொண்டிருக்கிறாள். குழந்தையின் கண் எங்கே போகிறது என்பதற்கு ஒரு தனிப் பத்தி சேர்த்ததே அவளால்தான். செல்போனை ஸ்டாண்டில் வைத்துக் கட்டாயம் பதிவு எடுங்கள்.

இன்னொரு குழந்தை இரண்டு வரிசையையும் தொட்டுத் தொட்டு எண்ணி, அஞ்சு, அஞ்சு என்று சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு, நீண்ட வரிசையில்தான் அதிகம் என்றான், எந்தத் தயக்கமும் இல்லாமல். இவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இவனைப் பார்த்தால் பியாஜே சொன்னதும் உண்மைதான் என்று தோன்றும்.

குரங்குக் குழுவிலும் ஒரு கண்ணி உண்டு. பொம்மை வந்த சந்தோஷத்தில் வரிசையைக் கவனிக்காமலே "அதேதான்" என்று சொல்லிவிடலாம். கிறிஸ் மூரும் டக்ளஸ் ஃப்ரையும் 1986ல் இதைத்தான் எழுப்பினார்கள். அதனால் சில சுற்றுகளில் குரங்கு நிஜமாகவே ஒரு கொட்டையைத் திருடியது. அப்போதும் சிலர் "அதேதான்" என்றார்கள். அந்தச் சுற்றுகள் இல்லாமல் இந்த முறையை யாரும் செய்ய வேண்டாம்.

பதிவுகளைப் பார்த்துக் குறியிட, என் எதிர்பார்ப்பு என்னவென்று தெரியாத ஒரு தோழி உதவினார். அவர் குறித்ததும் நான் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கோஹன் கப்பா கணக்குப் போட்டோம். ஒத்துப்போகாத இடங்களில்தான் அதிகம் கற்றேன். பாதி தலையாட்டல் பதிலா இல்லையா என்பதிலேயே ஒரு மாலை போனது.

ஒரு முறை கேட்ட குழுவிலும் குரங்குக் குழுவிலும் சரியான பதில் கூடுதல். ஆனால் குரங்கு திருடிய சுற்றுகள் பின்னதன் பலத்தைக் குறைத்தன. வாய்மொழித் தேர்வில் "அப்போ எந்த வயசுல எண்ணிக்கை புரியுது?" என்று கேட்டார்கள். எப்படிக் கேட்டோம் என்பதைச் சேர்க்காமல் வயதை மட்டும் சொல்ல மாட்டேன் என்று மூன்று அட்டவணையையும் விரித்துக் காட்டினேன். மையத்து அம்மாக்கள் கேட்டது வேறு: "எம் புள்ள பாஸா?" ஒரு காலைப்பொழுது விளையாட்டை வைத்துத் தனிப் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்கினேன். நான் செய்தது ஒரே சமயத்தில் எடுத்த தரவு. அதே பிள்ளையிடம் இந்த அறிவு எப்போது, எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க மறுபடி அவர்களிடமே போக வேண்டும். அவர்கள் இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கு அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.