களையாக நுழைந்த ஓட்ஸ்

டாக்டர் சொல்லிவிட்டாரே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். ருசியை விடுங்கள், அதன் பூர்வீகம் ரொம்ப சுவாரசியமானது. கோதுமை, பார்லி மாதிரி யாரும் அதை ஆசைப்பட்டுப் பயிராக்கவில்லை. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்த கதைதான்.

இத்தனைக்கும் ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில், 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வீட்டில், காட்டு பார்லியோடு காட்டு ஓட்ஸும் லட்சம் மணிக்கு மேல் கிடைத்திருக்கிறது. பார்லி பயிரானது, ஓட்ஸை விட்டுவிட்டார்கள். ஆனால் அது விடவில்லை, களையாக வயலுக்குள் வந்துவிட்டது.

காட்டு ஓட்ஸ் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். மணியில் ஒட்டியிருக்கும் முறுக்கு மீசை ஈரம் பட்டால் அவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொண்டு மணியை மண்ணுக்குள் திருகி இறக்கும். உதிராமல் கதிரிலேயே நின்றுபோன சில செடிகள் மட்டும் கோதுமையோடு சேர்ந்து அறுவடையாகி, மூட்டைக்குள் போய், அடுத்த வருஷம் விதையாக விழுந்தன, இப்படியே எத்தனையோ தலைமுறைகள் போக, உதிராத ரகம் தானாகவே தேறிவிட்டது. விவசாயம் வடக்கே குளிரும் மழையுமான நிலங்களுக்குப் போனபோது கோதுமை சுணங்கியது, ஓட்ஸ் செழித்தது. சரி, இதையே விதைப்போம் என்று ஆகிவிட்டது. இந்த விளக்கத்தைச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ். ஐரோப்பாவில் பயிர் ஓட்ஸ் தலைகாட்டுவதே வெண்கலக் காலத்தில்தான், கோதுமைக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தி.

மரபணுக் கதை இன்னும் சிக்கல். ஓட்ஸில் 42 குரோமோசோம்கள், மூன்று வெவ்வேறு புற்களின் சொத்து ஒரே செடிக்குள்: ஏ, சி, டி என்று பெயர். முதலில் சி-யும் டி-யும் கலந்து 28 குரோமோசோம் உள்ள ஒரு புல் உருவானது (சிசிலியில் வளரும் அவேனா இன்சுலாரிஸ் அதற்கு நெருங்கிய சொந்தம்), அப்புறம் ஏ வந்து சேர்ந்தது. இதெல்லாம் மனிதர் கை படாமல் காட்டிலேயே நடந்து முடிந்த கலப்பு. அப்படி வந்த அவேனா ஸ்டெரிலிஸ்தான் நம் ஓட்ஸின் நேர் மூதாதை.

2022-இல் ஸ்வீடனின் சாங் என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தபோது, மூன்று பங்காளிகளின் குரோமோசோம் துண்டுகளும் இடம் மாறிக் கலந்து கிடப்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு ரகங்களில் இந்த அடுக்கு வேறு வேறாக இருந்தால் அவற்றைக் கலந்து புது ரகம் உண்டாக்குவதில் தகராறுதான், வேண்டிய குணம் சுலபத்தில் பிரிந்து வராது. ஆனாலும் இலையில் வரும் துரு நோய்க்கு எதிர்ப்பு வேண்டும் என்றால், பயிர் ஆராய்ச்சியாளர்கள் அடிக்கடி கை நீட்டுவது அந்தப் பழைய ஸ்டெரிலிஸிடம்தான்.