ஹாஸ்டல் குறிப்புகள்

செப்டம்பர் 11

இன்ஜினியரிங் முதலாண்டு கால அட்டவணையில் முதல் வரியே இண்டக்‌ஷன் புரோகிராம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுக வகுப்புகள், கிரெடிட் பூஜ்யம். 2017இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ கொண்டுவந்ததாம், மூன்று வாரம், இங்கே இரண்டே வாரத்தில் முடித்துவிடுவார்களாம். தாளாளர், முதல்வர், துறைத்தலைவர்கள், அத்தனை பேரும் ஆங்கிலம். அம்மா கடைசிவரை தலையாட்டிக்கொண்டே இருந்தார், அப்புறம் அரூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

செப்டம்பர் 12

பக்கத்துக் கட்டில்காரி இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

செப்டம்பர் 13

இருபது பேருக்கு ஒரு மென்ட்டர். எங்களுக்குக் கணக்கு மேடம். இன்று மனித விழுமியங்கள் வகுப்பு, வாழ்க்கையில் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதச் சொன்னார். கார், வீடு, அமெரிக்கா என்று எல்லாரும் எழுத, நான் வேலை என்று எழுதி அடித்துவிட்டு இங்கிலீஷ் என்று எழுதினேன். தேவைக்கு மேலேயே இருக்கிறது என்ற உணர்வுதான் செழிப்பாம். சரி. ஆபீஸ் வாசலில் காஷன் டெபாசிட், அதாவது திரும்பத் தரும் முன்பணம், என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். படிப்பு, ஹாஸ்டல் கட்டணமெல்லாம் எனக்கு அரசே கட்டுகிறது, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, இந்த டெபாசிட் மட்டும் எனக்கும் உண்டா? கேட்டால் நான் 7.5 என்று தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை, தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 14

ராகிங் தடுப்பு உறுதிமொழியை ஆன்லைனில் நிரப்பினோம். ஹெல்ப்லைன் எண் 1800-180-5522, சுவரெல்லாம் அதுதான். மெஸ்ஸில் ஒரு சீனியர் அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டே "எந்த ஊரு?" என்றார். பின்கோடு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17

லீவு. பெட்டி விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்தது. மெடிக்கல் கவுன்சலிங் இரண்டாம் சுற்றுக்குக் காத்திருக்கிறாளாம், கிடைத்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவாளாம். கிடைக்கட்டும் என்று வாய் சொன்னது.

செப்டம்பர் 18

சுய அறிமுகம். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த நாலு வரியும் எழுந்து நின்றதும் போயேபோச்சு. "தமிழ்லயே சொல்லும்மா" என்றார் மேடம். மரவள்ளிக் காடு, பத்தாவது படிக்கிற தம்பி, எங்கள் பள்ளிக்கூடத்து லேப், நிறுத்தத் தெரியாமல் பேசினேன். எனக்கு அடுத்தவனும் தமிழிலேயே பேசினான், 7.5 என்று அவனே சொன்னான். பளபளவென்று ஷூ போட்டிருக்கிறான், பார்த்தால் யார் நம்புவார்கள்!

செப்டம்பர் 19

டெபாசிட் பற்றி மேடத்திடம் கேட்டேவிட்டேன். "வா, நானும் வரேன்" என்று கூடவே வந்தார். ஆபீஸில் சாப்பாட்டு நேரம், மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். மூன்றுக்கு யோகா.

செப்டம்பர் 20

இரண்டாம் சுற்று வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள், மாடி முழுக்க எங்கள் அறைக்கு ஓடிவந்தது. பார்த்தால் போன வருடப் பட்டியல்.