போவா மார்ஃபைச் சொல்ல வேண்டுமா? வாலைப் பாருங்கள்

போவா பாம்பின் குட்டி ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் முதுகைத்தான் பார்க்கிறார்கள். முதுகுத் திட்டுகள் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் மார்ஃப், அதாவது நிறமோ கோலமோ மாறிய வகை, எது என்று முடிவு செய்வதில் அவை பாதி நேரம் ஆளைக் குழப்பிவிடும். நம்பிப் பார்க்க வேண்டிய இடம் வால். சாதாரண நிறமுள்ள கொலம்பியப் போவாவின் வாலில் செங்கல் சிவப்பில் திட்டுகள் இருக்கும். ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கறுப்புக் கரை ஓடும், இரண்டு திட்டுகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் தெரியும். விரல் நீளமே உள்ள அந்த இடத்தில் மூன்று நிறமும் ஒட்டி ஒட்டி அழுத்தமாக இருப்பதால், எது குறைந்தாலும் அங்கேதான் முதலில் தெரியவரும். போவா மார்ஃப்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு நிறம் குறைந்துபோன கதைதான்.

எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். போவாவின் நிறம் ஒரே நாளில் மாறும்: பகலில் அடர்த்தியாகவும் இரவில் வெளிறியும் தெரியும். சட்டை உரிக்கப் போகும் பாம்பு கண் மங்கி, உடம்பெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். அந்த நிலையில் சாதாரணப் பாம்பைக்கூட அனெரி (சிவப்பே இல்லாத வகை) என்று சொல்லிவிடலாம். சட்டை உரித்து மூன்று நான்கு நாள் கழித்து, பகலில், ஜன்னலோரத்து நிழல் வெளிச்சத்தில் பாருங்கள். படம் எடுப்பதானால் பாம்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். தாள் படத்தில் மஞ்சளாக விழுந்தால் பாம்பின் நிறத்தையும் நம்பக் கூடாது. தலையின் மேற்புறம், கண்ணோடு சேர்ந்த பக்கவாட்டு முகம், உடம்பின் நடுப்பகுதி, வால் என நான்கு படமாவது வேண்டும். கூண்டுக்குள் எரியும் சிவப்பு பல்பின் கீழ் எடுத்த ஒற்றைப் படத்தைக் காட்டி "இது என்ன மார்ஃப்?" என்று கேட்டால், நேர்மையாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

மார்ஃபுக்கு முன்னால் ஊரைக் கேட்க வேண்டும். ஹோண்டுராஸுக்கு அருகே உள்ள கயோஸ் கொச்சினோஸ் தீவுகளின் போவாக்களை ஹாக் ஐலண்ட் என்கிறார்கள். அவை இயற்கையிலேயே வெளிறியவை, கறுப்பு குறைந்தவை. அந்தத் தீவுக்குட்டியை ஹைப்போ (கறுப்பு குறைந்த மார்ஃப்) என்று விற்பதும், ஹைப்போவை ஹாக் ஐலண்ட் என்று விற்பதும் இரண்டுமே நடக்கிறது. சுரினாம், கயானா, பெரு பக்கத்துப் போவாக்களுக்கு வால் சிவப்பு இயல்பாகவே தூக்கலாக இருக்கும். அது மார்ஃப் அல்ல, அந்த மண்ணின் பாம்பு அப்படித்தான். முதுகுத் திட்டுகளைக் கழுத்திலிருந்து குதம் வரை எண்ணினால் ஓரளவு துப்பு கிடைக்கும். தென்னமெரிக்கச் செவ்வால்களில் பெரும்பாலும் 22-க்குக் கீழே, மத்திய அமெரிக்க, கொலம்பியப் போவாக்களில் பெரும்பாலும் அதற்கு மேலே. கலப்புக் குட்டிகளில் இந்தக் கணக்கு உதவாது.

இனி கறுப்பு. வால் திட்டுகளைச் சுற்றிய கறுப்புக் கரை மெலிந்தோ காணாமலோ போய், சிவப்பு மட்டும் ஆரஞ்சு பூசினாற்போல நின்றால் ஹைப்போ. சால்மன் என்று சொல்வதும் இந்த வகைதான். விலாவில் மிளகு தூவியதுபோல இருக்க வேண்டிய கரும்புள்ளிகள் குறைந்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஓடும் பட்டை மங்கியிருக்கும். ஆனால் கறுப்பு முழுக்கப் போயிருக்காது, கண்ணும் சிவக்காது. பேஸ்டல் என்ற பெயரில் வரும் பாம்புகளோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பேஸ்டல் என்பது தலைமுறை தலைமுறையாகப் பளிச்சென்ற குட்டிகளைத் தேர்ந்து வளர்த்து வந்த விளைவு. ஒற்றை மரபணுவின் வேலை இல்லை என்பதால் அதன் குட்டிகள் எப்படி வரும் என்று கணக்குப் போட முடியாது. நிறம் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் வால் கரையில் கறுப்பு கெட்டியாக இருந்தால் நான் ஹைப்போ என்று எழுத மாட்டேன்.

கறுப்பு அடியோடு இல்லாவிட்டால் ஆல்பினோ. கண்மணி சிவந்திருக்கும், திட்டுகள் ஆரஞ்சும் சிவப்புமாக, அடிநிறம் வெள்ளையாக இருக்கும். வளர வளர மஞ்சள் ஏறும். இதுவரை எளிது. சிக்கல் எந்த ஆல்பினோ என்பதில்தான். காஹ்ல், ஷார்ப் என்று இரண்டு வழிகள், அதாவது இரண்டு பரம்பரைகள், உண்டு. இரண்டும் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளியே தெரியும்), ஆனால் வெவ்வேறு மரபணு. காஹ்ல் ஆல்பினோவையும் ஷார்ப் ஆல்பினோவையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறத்தில் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மரபணுவையும் மறைவாகச் சுமக்கும். அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் 16-க்கு 9 சாதாரணம், 7 ஆல்பினோ என்ற விகிதம் வரும். அந்த ஏழில் எது காஹ்ல், எது ஷார்ப், எது இரண்டும் என்று கண்ணால் பிரிக்க வழியில்லை. ஷார்ப்பில் வெள்ளை தூய்மையாக இருக்கும், நிறங்கள் எதிரெதிராகத் தெறிக்கும் என்று சொல்வார்கள். நல்ல வளர்ந்த பாம்புகளை அடுத்தடுத்து வைத்தால் அது சரியாகவே படும், தனியாக ஒரு குட்டியை வைத்து அப்படிச் சொல்வது ஊகம். வழி தெரியாத ஆல்பினோவை இனப்பெருக்கத்துக்கு வாங்காதீர்கள். வெறும் வளர்ப்புக்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.

டி பாசிட்டிவ் ஆல்பினோ வேறு கதை. மெலனின் என்ற கறுப்பு நிறமி உருவாகும் வேலை பாதியில் நின்றுபோவதால் கறுப்புக்குப் பதிலாகப் பழுப்பும் ஊதா கலந்த சாம்பலும் வரும். கண்மணி மங்கலான வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரியும், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் உள்ளே மாணிக்கச் சிவப்பு தெரியும். இதிலும் வி.பி.ஐ., கேரமல் எனத் தனித்தனி வழிகள் உண்டு. எல் சால்வடாரிலிருந்து வந்த ப்ளட் வழியையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அதுவும் ஒடுங்கு பண்புதான், உடம்பு முழுக்கத் துருச்சிவப்பு படர்ந்திருக்கும். ஹைப்போ கறுப்பை மட்டும் குறைக்கும், ப்ளட்டில் அடிநிறமே மாறிவிடும்.

சிவப்பு போனால் அனெரி. வால் திட்டுகளில் செங்கல் நிறம் துளியும் இருக்காது. வெள்ளி, சாம்பல், கறுப்பு மட்டும்தான். பிறந்த குட்டியில் இது மிகத் தெளிவு. வயதாக ஆக மஞ்சளும் இளம்பழுப்பும் ஏறுவதால், வளர்ந்த அனெரியை மங்கிய சாதாரணப் பாம்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அப்போதும் வால்தான் தீர்ப்பு சொல்லும். அனெரியிலும் ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என்று பொருந்தாத இரண்டு உண்டு.

கலவைகள் எல்லாம் இந்தக் கழித்தல் கணக்கிலிருந்தே வருகின்றன. அனெரியோடு ஹைப்போ சேர்ந்தால் கோஸ்ட்: வெளிறிய சாம்பல் உடம்பு, வாலில் கறுப்புக் கரை மெலிவு, கண் சாதாரணம். ஆல்பினோவோடு ஹைப்போ சேர்ந்தால் சன்க்ளோ, ஆல்பினோவோடு அனெரி சேர்ந்தால் ஸ்னோ. மூன்றும் ஒன்றாக வந்தால் மூன்க்ளோ. ஸ்னோவில் வெள்ளையின் மேல் திட்டுகளின் தடம் மங்கலாகத் தெரியும். மூன்க்ளோவில் அதுவும் கரைந்துவிடும். பிறந்த கையோடு பார்த்தால் இரண்டும் இளஞ்சிவப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று சட்டை உரிக்கும்வரை பெயர் வைக்காமல் பொறுப்பது நல்லது. ஆல்பினோவா சன்க்ளோவா என்பதிலும் அதே பொறுமை வேண்டும். ஆல்பினோவில் கறுப்பே இல்லாததால் ஹைப்போவின் முக்கிய அடையாளம் அங்கே கிடைக்காது. திட்டு ஓரங்கள் வெள்ளையாக வெட்டியதுபோல நிற்காமல் ஆரஞ்சில் கரைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

நிறம் முடிந்தது, இனி கோலம். மோட்லியில் முதுகுத் திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து, நடுவே வட்டங்களை விட்டுச் சங்கிலியாக ஓடும். விலாக்கோலம் பெரும்பாலும் துடைத்தாற்போல இருக்கும். ஜங்கிளில் திட்டுகள் ஒழுங்கு கெட்டு நெளியும், தலைக்கோடு தடித்து நெற்றியில் கூராக இறங்கும், நிறமும் சற்றுத் தூக்கலாக வரும். இந்த இரண்டும் மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், இரண்டு பிரதி சேர்ந்தால் சூப்பர். சூப்பர் மோட்லி கோலமே இல்லாமல் கருத்த பாம்பாக வரும். ஆனால் அந்தக் குட்டிகள் சரியாகத் தேறுவதில்லை, பல இளமையிலேயே இறந்துவிடுகின்றன. மோட்லியை மோட்லியோடு சேர்ப்பதற்கு என்னைக் கேட்டால் எந்த நியாயமும் இல்லை.

கோலத்தில் பெரிய ஏமாற்றுக்காரன் வெப்பநிலை. போவா முட்டையிடாது, குட்டி ஈனும். சினைக்காலத்தில் தாய்க்கு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளச் சரியான இடம் இல்லாமல் வெப்பம் ஏறி இறங்கினால், இணைந்த திட்டுகளோடும் கோடு விழுந்த வாலோடும் குட்டிகள் பிறக்கலாம். பார்க்க ஜங்கிள் போலவே இருக்கும், மரபில் ஒன்றும் இருக்காது. ஒரே ஈற்றில் பெற்றோர் இருவரும் சாதாரணமாக இருந்து, குட்டிகள் பலவற்றில் கோலம் ஆளுக்கொரு தினுசாகக் கெட்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கூண்டின் சூட்டைத்தான்.

பிறக்கும்போது காட்டாமல் பிறகு வெளிப்படுவதும் உண்டு. ஐ.எம்.ஜி. என்ற, கறுப்பைக் கூட்டிக்கொண்டே போகும் மரபணு உள்ள குட்டி பிறந்தபோது கிட்டத்தட்ட சாதாரணமாக இருக்கும், சட்டை உரிக்க உரிக்கக் கறுத்துக்கொண்டே போகும். இந்த வழிக் குட்டிகளை ஒவ்வொரு சட்டைக்குப் பிறகும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கண்ணுக்கே தெரியாதது ஹெட், அதாவது ஒடுங்கு மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் மறைவாகச் சுமக்கும் பாம்பு. ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்த ஈற்றில் சாதாரணமாகத் தெரியும் குட்டிகளை "66% ஹெட்" என்றும், ஹெட்டும் சாதாரணமும் சேர்ந்தவற்றை "50% ஹெட்" என்றும் விற்பார்கள். இது கூட்டத்துக்கான சாத்தியக் கணக்கு. உங்கள் கையில் இருக்கும் குட்டியிடம் அந்த மரபணு இருக்கிறது அல்லது இல்லை, மூன்றில் இரண்டு பங்கு இருக்காது. ஆல்பினோ ஹெட்டா என்று சோதிப்பதென்றால் அதே வழி ஆல்பினோவோடு சேர்க்க வேண்டும். ஒரே ஒரு ஆல்பினோ குட்டி பிறந்தாலும் ஹெட் உறுதி. பத்துக் குட்டியும் சாதாரணமாக வந்தால், அது ஹெட்டாக இருந்தும் அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 1024-இல் ஒன்று. சூப்பர் ஹைப்போவையும் இப்படித்தான் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு பிரதி ஹைப்போவும் இரண்டு பிரதி ஹைப்போவும் பல நேரம் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும். சாதாரணப் பாம்போடு சேர்த்து, ஒரு சாதாரணக் குட்டி பிறந்தாலும் சூப்பர் இல்லை. பெண் பாம்பு குட்டி ஈனும் பருவத்துக்கு வரவே மூன்று நான்கு ஆண்டு ஆகும் என்பதால், பெற்றோர் படமும் ஈற்றுப் பதிவும் உள்ள குட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

இந்தியாவில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காகிதமும் உண்டு. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் போவா உள்ளது. அர்ஜென்டினக் கிளையினம் மட்டும் முதல் பட்டியலில். 2022-இல் வன உயிரினச் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் என்ற அரசு இணையத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அது பாம்பு சட்டப்படி உங்களிடம் இருக்கிறது என்பதற்கான காகிதம், காஹ்லா ஷார்ப்பா என்பதை அது சொல்லாது.

சோதனை ஈற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெண் போவா ஆணின் பங்கே இல்லாமலும் குட்டி ஈனும். 2010-இல் வெளியான ஆய்வில், கேரமல் நிறத் தாய் ஒன்று இரண்டு ஈற்றில் 22 குட்டிகளைப் போட்டது. அத்தனையும் பெண், அத்தனையும் கேரமல். கூண்டில் ஆண்கள் இருந்தும் மரபணுச் சோதனையில் எந்த ஆணின் தடயமும் இல்லை. ஒடுங்கு நிறத் தாய், சாதாரண நிற ஆண், குட்டிகள் எல்லாம் பெண்ணாகவும் தாயின் நிறமாகவும் இருந்தால், அந்த ஆணை ஹெட் என்று எழுதிவிடாதீர்கள். வேறொரு பெண்ணோடு மறுபடி சோதித்துப் பாருங்கள்.