பத்துக்கு ஒன்பது இன்னும் வரவில்லை

ஏழாவது ஞாயிறு. பத்துக்கு ஆறு. முதல் வாரம் எனக்கு மூன்றுதான் தேறியது, அதனால் இதைப் பெருமையாகவே எழுதி வைக்கிறேன்.

மொட்டைமாடியில் நாங்கள் ஐந்து பேர். வாரம் பத்துக் கேள்வி; ஒவ்வொன்றுக்கும் விடை இதற்குள்தான் இருக்கும் என்று 90 சதவீத உறுதியோடு கீழ் எண், மேல் எண் எழுதும் பயிற்சிதான். பத்தில் ஒன்பது விடை உள்ளே விழுந்தால் அந்த உறுதி சரி. பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்த ஆண்டுக்கு 1920–1940 என்று எழுதி மாட்டினேன், அது 1914. தொட்டபெட்டா உயரத்துக்கு நண்பன் 2200–2500 மீட்டர் போட்டான். ஊட்டி 2240 என்று தெரியுமாம், அதன் மேல் கொஞ்சம் ஏற்றினானாம். சரியான விடை 2637. தெரிந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நகர மறுப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் வியாதி.

இதற்கு மருந்து புளியங்கொட்டை. பத்துக் கொட்டை, ஒன்றில் மட்டும் அடையாளம், சுருக்குப்பையில் போட்டுக் குலுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் பந்தயம் என்றால் எழுதிய எண்களை நம்புவாயா, பத்துக்கு ஒன்பது வாய்ப்பு என்று பைக்குள் கைவிட்டு அடையாளமில்லாத கொட்டையை எடுப்பாயா? பைதான் என்று மனம் ஓடினால் எண்களை இன்னும் விரிக்க வேண்டும். எண்கள்தான் என்றால் சுருக்க வேண்டும். இரண்டில் எது என்று திணறுகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

மனசுக்குள் நினைத்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது, பார்த்துவிட்டேன். கை பைக்குள் போனால்தான் பயம் வருகிறது. ஆனால் அடையாளம் வைப்பதற்குள் பட்ட பாடு! சுண்ணாம்புப் பொட்டு விரலில் தட்டுப்பட்டது, இரண்டாம் வாரம் உதிர்ந்தும் போனது. கடைசியில் அக்காவின் நெயில் பாலிஷைப் பத்துக்குமே பூசினேன்: ஒன்பது சிவப்பு, ஒன்று நீலம். இப்போது தடவிக் கண்டுபிடிக்க முடியாது. அக்காவுக்கு ஒரு பாட்டில் கடன்.

மாடிவீட்டு அண்ணன் ஒரு வாரம் ஒன்பது வாங்கினார். தாளைப் பார்த்தால் ஒன்பது கேள்விக்கு "0 முதல் 10 கோடி", பத்தாவதுக்கு "1 முதல் 2". "கணக்கு சரிதானே தம்பி?" என்கிறார். கணக்கு சரிதான், என்ன சொல்ல!

அதனால்தான் பிரையர் மதிப்பெண்ணுக்குப் போகலாம் என்று யோசனை: ஒன்று நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்ல வேண்டும், சொன்னது நடந்ததிலிருந்து எவ்வளவு விலகியதோ அதன் வர்க்கம்தான் மதிப்பெண். கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் 1950-இல் சொன்னது. 90 சதவீதம் என்று சொல்லி நடந்தால் 0.01, நடக்காவிட்டால் 0.81, குறைவாக வாங்குபவருக்கே வெற்றி. எதற்கும் 50 என்று சொல்லித் தப்பித்தால் 0.25-லேயே கிடக்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழையில் தொடங்கலாம் என்று நோட்டுகூட வாங்கிவிட்டேன். ஒன்பதைத் தொடாமல் அடுத்ததற்குத் தாவாதே என்று நண்பன் திட்டுகிறான்.

அடுத்த ஞாயிறு கேள்வி போடுவது அண்ணன். பத்தும் கிரிக்கெட்டாம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, தைரியமாக விரித்து எழுதுவேன்.