வைடு லென்ஸுக்கு எந்த பெல்லோஸ்?

4×5 அங்குல ஃபிலிம் கேமராவில் 90 மி.மீ. வைடு லென்ஸை மாட்டி, தூரத்தில் இருக்கிற ஒரு கட்டடத்தை ஃபோகஸ் செய்துவிட்டு முன் ஸ்டாண்டர்டை, அதாவது லென்ஸைத் தாங்கும் சட்டத்தை, மேலே தூக்கிப் பாருங்கள். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே வெளி ஒளி புகாமல் மூடியிருக்கும் பெல்லோஸ், கேமராவோடு வந்த மடிப்பு வகை என்றால் கொஞ்சம் ஏறியதுமே முரண்டு பிடிக்கும். ஃபோகஸ் ஆகிறது, கேமராவின் பின்னால் இருக்கும் மங்கல் கண்ணாடியில், அதாவது கிரவுண்ட் கிளாஸில், படம் தெரிகிறது, எல்லாம் சரி, ஆனால் எந்த ரைஸுக்காக (லென்ஸை மேலே நகர்த்துவதற்காக) இவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோமோ அது மட்டும் கிடைப்பதில்லை. அதனால்தான் கேமரா விவரங்களில் போடுகிற 'குறைந்தபட்ச பெல்லோஸ் நீளம்' என்ற எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பெல்லோஸ் எவ்வளவு தூரம் சுருங்கும் என்பதற்குத்தான் அந்த எண். சுருங்கிய நிலையில் ஸ்டாண்டர்டு நகருமா நகராதா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இதற்குத் தீர்வு பேக் பெல்லோஸ். மடிப்பே இல்லாமல், அல்லது ஒன்றிரண்டு மடிப்போடு மட்டும், தொளதொளவென்று இருக்கும் ஒரு பை. மெல்லிய தோலிலோ ரப்பர் பூசிய துணியிலோ செய்திருப்பார்கள். ஆனால் இதை வாங்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உங்கள் லென்ஸின் இமேஜ் சர்க்கிள், அதாவது லென்ஸ் படம் விழச் செய்யும் வட்டத்தின் அளவு.

ஷ்னைடர் சூப்பர் ஆங்குலோன் 90 மி.மீ. எஃப் 8 லென்ஸை எடுத்துக்கொள்வோம். எஃப் 22-இல் அதன் இமேஜ் சர்க்கிள் 216 மி.மீ. 4×5 ஃபிலிமில் படம் விழும் பகுதி ஏறக்குறைய 96×120 மி.மீ. கேமராவைக் கிடைமட்டமாக வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 42 மி.மீ. ரைஸ் வருகிறது. அதே அளவு நிக்கோர் எஸ்டபிள்யூ எஃப் 8 என்றால் 235 மி.மீ. வட்டம், 50 மி.மீ.க்கும் மேல் ரைஸ். இனி 65 மி.மீ. சூப்பர் ஆங்குலோன் எஃப் 5.6: வட்டம் 170 மி.மீ.தான், ரைஸ் வெறும் 12 மி.மீ. பெல்லோஸ் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் 12-க்கு மேல் லென்ஸே கொடுக்காது. ஆக, '90 வரைக்கும் சாதா பெல்லோஸ் போதும், அதற்குக் கீழே போனால்தான் பை வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நகர்த்துவதற்கு அதிக இடம் இருக்கிற லென்ஸ் 90. பையின் பலன் முழுசாகக் கிடைப்பதும் அதில்தான்.

அப்படியானால் 65-க்குப் பை வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் காரணம் வேறு. இந்த லென்ஸை முடிவிலியில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் மாட்டியிருக்கும் போர்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சுமார் 70 மி.மீ.தான் இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் நசுங்கிக் கிடக்கும் மடிப்பு பெல்லோஸ் முன் ஸ்டாண்டர்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதுவும் நேராகத் தள்ளாது, ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளும். வைடு லென்ஸில் இது சின்ன விஷயம் இல்லை. 65 மி.மீ. லென்ஸ் 1 டிகிரி சாய்ந்தால் போதும், ஃபோகஸ் தளமே சாய்ந்துபோய் லென்ஸிலிருந்து 3.7 மீட்டர் கீழே உள்ள ஒரு கோட்டை அச்சாகக் கொண்டு திரும்பிவிடும். 300 மி.மீ. லென்ஸில் அதே 1 டிகிரிக்கு அந்தத் தூரம் 17 மீட்டர், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. 'எல்லாம் ஜீரோவில்தான் வைத்திருந்தேன், ஆனாலும் மேல் மூலை ஷார்ப்பாக இல்லை' என்று யாராவது சொன்னால் லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் பெல்லோஸைப் பார்க்கச் சொல்வேன். சோதிப்பது சுலபம். ஃபோகஸ் செய்த பிறகு டில்ட் (சாய்வு) பூட்டைத் தளர்த்திவிட்டுக் கையை எடுங்கள். ஸ்டாண்டர்டு தானாக அசைந்தால் பெல்லோஸ்தான் அதை இழுத்துக்கொண்டிருக்கிறது.

பையிலும் குறை உண்டு. கொடியில் போட்ட ஈரத்துணி நடுவில் தொய்கிற மாதிரி, மேல் பக்கத் துணி உள்ளே தொங்கி ஒளியின் பாதையில் வந்து நிற்கும். படம் தலைகீழாக விழுவதால் கிரவுண்ட் கிளாஸின் மேல் விளிம்பு, அதாவது காட்சியில் தரை இருக்கும் பகுதி இருண்டுவிடும். கறுப்புத் துணிக்குள் நின்று பார்க்கும்போது வைடு லென்ஸில் மூலைகள் எப்படியும் மங்கலாகத்தான் தெரியும் என்பதால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பல கிரவுண்ட் கிளாஸ்களில் நான்கு மூலைகளையும் வெட்டி விட்டிருப்பார்கள், அது இதற்கும் உதவும். லென்ஸை எஃப் 22-க்கு மூடி, ஒவ்வொரு மூலை வழியாகவும் லென்ஸைப் பாருங்கள். துவாரம் முழுசாகத் தெரிந்தால் நல்லது, துணியோ மடிப்போ குறுக்கே வந்து அதை நறுக்கியிருந்தால் அந்த மூலையில் படம் இல்லை. ஸ்டாண்டர்டுகளை நெருக்கி முடித்ததும் பையின் நான்கு பக்கத்தையும் விரலால் பிடித்து வெளியே இழுத்து விட்டுவிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

வாங்கும்போது உள்பக்கத்தையும் பாருங்கள். 235 மி.மீ. வட்டத்தில் ஃபிலிம் எடுத்துக்கொள்வது போக மீதி வெளிச்சம் எல்லாம் பெல்லோஸின் சுவரில்தான் விழுகிறது. உள்ளே மேட் கறுப்பாக இல்லாமல் பளபளத்தால் அது ஃபிலிமுக்கே திரும்பி வந்து கான்ட்ராஸ்டைக் குறைக்கும். பை அகலமாக இருந்தால் சுவர் ஃபிலிமிலிருந்து தள்ளியிருக்கும், அதுவும் லாபம்.

ஸ்டாண்டர்டுகள் ஒற்றைத் தண்டில் நகரும் மோனோரெயில் கேமராக்காரர்களுக்கு இதெல்லாம் எளிது. சைனார் எஃப், பி போன்றவற்றில் பெல்லோஸைக் கழற்றி மாட்ட சில நொடிகள் போதும், பழைய பையும் தேடினால் கிடைக்கும். மடக்கும் ஃபீல்டு கேமரா என்றால் பெல்லோஸ் கழற்றக்கூடியதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஷென் ஹாவ், சாமோனிக்ஸ் இரண்டிலும் மாற்றக்கூடிய மாடல்கள் இருக்கின்றன. மாற்றவே முடியாத கேமராவில் உட்குழிந்த லென்ஸ் போர்டு ஓரளவு உதவும், லென்ஸ் உள்ளே போகிற அளவுக்கு ஸ்டாண்டர்டு முன்னால் வரும், பெல்லோஸும் மூச்சுவிடும். ஆனால் அந்தக் குழிக்குள் விரலை நுழைத்து அப்பர்ச்சரை மாற்றுவதும் கேபிள் ரிலீஸைத் திருகுவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனக்கு அது இரண்டாம் பட்சம்தான்.

பை வந்துவிட்டது என்று மடிப்பு பெல்லோஸை விற்றுவிடாதீர்கள். 150 மி.மீ. லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று அளவில் (பொருளின் அசல் அளவிலேயே) எடுக்க 300 மி.மீ. நீளம் வேண்டும், பை அவ்வளவு நீளாது. பழைய பை வாங்கினால் இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துத் தையல் ஓரங்களையும் சட்டத்தில் ஒட்டியிருக்கும் இடத்தையும் சுற்றிப் பாருங்கள், ஓட்டை அங்கேதான் விழும். தோல் பை என்றால் கடலோர ஊர்களில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாமல் காற்றுப்படும்படி பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.