அப்பத்தா முடிந்து வைத்த காசு

அப்பத்தா போய் ஒரு வருஷம் ஆகி, தலை திவசம் முடிகிறவரை எந்த வேண்டுதலும் செலுத்தக் கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த மஞ்சள் துணி முடிச்சு அதுவரை எங்கள் வீட்டு சாமி அலமாரியிலேயே இருந்தது. சமயபுரத்தாளுக்கு, அதாவது சமயபுரம் மாரியம்மனுக்கு, வேண்டிக்கொண்டு முடிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அப்பத்தா வாயில் வந்த ஒரே பெயர் அதுதான். ஆனால் யாருக்காக, என்ன வேண்டிக்கொண்டு முடிந்தது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. துணி வெளுத்துப்போய் மடிப்புக்குள் மட்டும்தான் மஞ்சள் மிச்சம் இருந்தது. தடவிப் பார்த்தால் காசின் ஓரம் வளைவு வளைவாக விரலில் தட்டுப்படும், பழைய பத்துப் பைசா. 2011-லேயே அரசாங்கம் செல்லாது என்று நிறுத்திவிட்ட காசு. ஆத்தாளிடம் அது செல்லாமல் போகுமா?

இந்த வருஷம் பூச்சொரிதலுக்கு, ஆத்தாளுக்குப் பூக்களைக் கொண்டுபோய்ச் சாத்துகிற திருவிழாவுக்கு, நடந்தே போய்ச் செலுத்துவது என்று முடிவு செய்து, கீரனூரிலிருந்து சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பூத்தட்டோடு கிளம்பினோம். அப்பத்தாவோடு நாற்று நட, களையெடுக்க என்று காலமெல்லாம் கூடவே போன மேலத்தெரு ஆயாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, காலையில் பஸ் பிடித்துக் கோயிலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வழி நெடுக அப்பத்தா பேச்சுதான். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் சமயபுரத்தாள் மக்களுக்காகச் சமைத்த படையல் இல்லாமல் பச்சைப் பட்டினி கிடப்பாள் இல்லையா, அந்த 28 நாளும் அப்பத்தாவும், பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்த துள்ளுமாவும் நீர்மோரும் தவிர எதையும் தொடாது. வயக்காட்டு வேலையும் நிற்காது. வயசான காலத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று அம்மா சொன்னால், "அவ நமக்காகப் பட்டினி கெடக்கா, நான் சோறு தின்னா தொண்டையில எறங்குமா?" என்று ஒரே பதில்தான்.

மாத்தூர் தாண்டும்போது பெரியப்பா ஆரம்பித்தார். சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டுக் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாராம், ராத்திரி முழுக்க வேப்பிலையால் வருடிக்கொண்டே அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாம், அப்போது முடிந்த காசுதான் இது என்றார். அத்தை விடவில்லை. "ஒனக்குத்தான் தலைக்குத் தண்ணி ஊத்துன கையோட மாவெளக்குப் போட்டாச்சேண்ணே. இது எனக்கு." கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் புகுந்த வீட்டில் பட்ட பாட்டை எல்லாம் அத்தை சொல்லச் சொல்ல, லாரிகள் சீறிக்கொண்டு போகிற அந்த ரோட்டில் எங்களுக்குக் கால் வலியே மறந்துபோனது. நடுவில் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். விஷயத்தைச் சொன்னதும், "நான் ஃபிளைட் ஏறுன அன்னைக்கு ராத்திரி முடிஞ்சதுக்கா அது, எங்கிட்ட சொல்லியிருக்கு" என்று அவர் ஒரு பக்கம். மூன்று பேரும் அவரவர் சொன்னதில் உறுதியாக இருந்தார்கள்.

திருச்சிக்குள் நுழையும்போது அத்தைக்கு உள்ளங்காலில் கொப்புளம் உடைந்துவிட்டது. காவிரிப் பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த பெண், யாரும் கேட்காமலே மஞ்சளைக் குழைத்து அத்தை காலில் பூசி, துணியும் கட்டிவிட்டார். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும். அப்புறம் திருவானைக்காவல், கொள்ளிடம், நம்பர் 1 டோல்கேட் என்று நகர்ந்து, சமயபுரம் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது.

கோயிலைச் சுற்றி நடக்கிற அக்கிரமத்தைச் சொல்லாமல் விட முடியாது. நெய்விளக்குத் தட்டைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்டுப் பின்னாலேயே வருகிறார்கள். ஒரு ஆள், தலைக்கு இவ்வளவு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறேன் என்று பெரியப்பாவிடமே பேரம் பேசினான். இரவெல்லாம் வெறுங்காலில் நடந்து வந்த சனம் கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கிறது, அவர்களிடம் போய் இப்படிப் பிடுங்க எப்படித்தான் மனசு வருகிறதோ. ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

வரிசை நகர்ந்து நகர்ந்து ஒருவழியாக உள்ளே போனோம். தள்ளுமுள்ளு, "நகருங்க நகருங்க" சத்தம், மூச்சு முட்டுகிற பூ வாசனை. அந்தப் பெரிய திருமேனி கண்ணுக்கு முன்னால் வந்ததும் வழக்கம்போல எனக்குக் கை கூப்பிக் கண் மூடப் போனது, உடனே அப்பத்தா குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் அதற்குப் பிடிக்கவே பிடிக்காது. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு கண்ண மூடுனா எப்புடி? ஆத்தாளை நெறயப் பாருடி" என்று முதுகில் தட்டும். திறந்த கண்ணோடு பார்த்தேன். தீபம் மேலே போனபோது அந்த முகம் முழுக்க வெளிச்சம், அந்த மூக்குத்தி, குங்குமம் துலங்குகிற நெற்றி, நேராக என்னையே பார்க்கிற கண்கள். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் அத்தையைப் பார்த்தால், எப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுகிறவர், அன்றைக்கு நீர் வழிய வழிய இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமோ, அவ்வளவு கூட்டத்திலும் எங்களை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அதை நான் ஆத்தாளின் கருணை என்றுதான் சொல்வேன்.

உண்டியலுக்கு வந்ததும், பிரித்து ஒரு தடவை பார்க்கலாமா என்றார் அத்தை. பெரியப்பா வேண்டாம் என்றார். முடிச்சை அவிழ்க்காமலே எல்லோரும் ஒரு கை தொட்டுப் போட்டோம்.

வெளியே மண்டபத்தில் ஆயா புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தார். காசைப் போட்டாச்சு என்றதும், "எங் காசையா?" என்று கேட்டார் பாருங்கள்! வயிற்றில் கட்டி என்று ஆயாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்றைக்கு, ஆயா கழுத்தில் கிடந்த கயிற்றிலிருந்து மஞ்சளை எடுத்து அந்தத் துணியில் தேய்த்து, ஆயா கண் முன்னாலேயே அப்பத்தா முடிந்ததாம். "நீ வந்து ஒங் கையால போடணும்டி, அதுக்காவது எந்திரிச்சு வந்துரு" என்று சொன்னதாம். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை, ஆயா கையைப் பிடித்துக்கொண்டார்.

தாயே சமயபுரத்தாளே, யாருக்காக முடிந்த காசோ உனக்குத்தான் தெரியும். அம்மை இறங்கிய பெரியப்பா இருக்கிறார், அத்தைக்கு ரெண்டு பிள்ளைகள், சித்தப்பா கடனெல்லாம் அடைத்துவிட்டார், ஆயா தன் கையாலேயே எங்களுக்குப் புளிச்சோறு போட்டார். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை தாயே. வருகிற மாசியில் 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் அத்தை எடுக்கிறார். துள்ளுமாவு இடிக்க நான் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.